யார் மூலமா வந்தீங்க? ஏஐ ஏஜென்ட் வலையமைப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை வியாபாரிகளுக்காக ஏஐ ஏஜென்ட்களின் பொது வலையமைப்பை நடத்திவரும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் கீழமாசி வீதிப் பக்கம் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. எங்களுக்குப் பதில் தானே விலை கேட்டு, செய்தி அனுப்பி வேலை பார்க்கும் ஏஐ மென்பொருளைத்தான் கடை ஏஜென்ட் என்கிறோம். உங்கள் வலையமைப்பில் அது சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் நீங்கள் கொண்டுவந்த 'அழைத்து வா, புள்ளி வாங்கு' திட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். நேரிலேயே வந்து சொல்லியிருப்பேன். ஆனால் என் கடையில் நடந்தது இன்னும் நாலைந்து கடைகளிலும் நடந்திருக்கிறது என்று டீக்கடையில் வைத்துத் தெரிந்தது. தனித்தனியாக வந்து முறையிட்டால் ஆளுக்கு ஒரு சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவீர்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. நான் காலையில் கடை திறப்பதற்குள் அது மூன்று லாரி செட்டில் வாடகை கேட்டு, எந்த வண்டி இன்றைக்கே கிளம்பும், எது ஒரு நாள் தங்கிப் போகும் என்று எழுதி வைத்திருக்கிறது. ராமநாதபுரம் முண்டு, விருதுநகர் சம்பா, குண்டூர் வத்தல் மூன்றுக்கும் வெவ்வேறு பார்ட்டிகளிடம் விலை கேட்டு வைக்கிறது. சரக்கு வண்டியோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கு வண்டி எண்ணை வாங்கக் கணக்குப்பிள்ளை பத்து தடவை போன் போட்ட காலம் போய்விட்டது. இதெல்லாம் எதிர்ப்பக்கத்து ஏஜென்ட்களும் ஒரே வலையமைப்பில் இருப்பதால்தான் நடக்கிறது. ஆகவே இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு. எப்படி வரவழைக்கிறீர்கள் என்பதில்தான் தகராறு.

எங்கள் தொழிலில் புதிதாக ஒருவர் கடனுக்குச் சரக்குக் கேட்டு வந்தால், விலை பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. "யார் மூலமா வந்தீங்க?" அதைக் கேட்காமல் அப்பா ஒரு மூட்டையைக்கூட வெளியே விட்டதில்லை. வந்தவர் ஒரு பெயர் சொல்வார். திண்டுக்கல்லில் ஒரு கடை, இல்லை தேனியில் ஒரு கடை. அப்பா உடனே அங்கே போன் போடுவார். "உங்க பேரைச் சொல்லி வந்திருக்காரு, குடுக்கலாமா?" அந்தப் பக்கத்திலிருந்து "குடுங்க" என்று ஒரு சொல் வந்துவிட்டால் சொன்னவரும் அந்தக் கடனுக்குள் பாதி இறங்கிவிட்டார் என்று அர்த்தம். பணம் இழுத்தால் அப்பா முதலில் போய் உட்காருவது 'குடுங்க' என்றவர் கடையில்தான். இவ்வளவுக்கும் அவருக்கு இதில் ஒரு பைசா வரும்படி கிடையாது. இரண்டு வருடம் கணக்கு ஒழுங்காக ஓடினால் தீபாவளிக்கு நல்ல வத்தலாக இரண்டு கிலோ போகும்.

இந்த ஊருக்கு இது பழகிய விஷயம். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு வெளியே ஆயர் வீட்டில் மாதரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவர் கவுந்தியடிகள். கோவலன் கொலையானதும் அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் இறங்கினாள். கவுந்தி உண்ணாமல் இருந்து உயிரை விட்டார். அந்த அளவுக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை. அழைத்து வந்த ஆள் ஏமாற்றினால் அழைத்தவரின் புள்ளியைத் திருப்பிப் பிடித்தால் போதும்.

நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் திட்டப்படி ஒரு ஏஜென்ட் இன்னொன்றை அழைத்து வந்தால் அழைத்ததற்கு 100 புள்ளி, வந்ததற்கு 50. வந்தது வேறொன்றைக் கூட்டி வந்தால் முதலில் அழைத்ததற்கு மேலும் 25. புள்ளியைக் காட்டி மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். இந்த அறிவிப்பு எனக்கு வரவில்லை. கடைக் கணக்கைப் பார்க்கும் என் மகளுக்கும் வரவில்லை. நேராக ஏஜென்ட்டுக்குப் போய்விட்டது. முதலாளியைத் தாண்டிக் கடைப் பையனிடம் "நாலு பேரைக் கூட்டிட்டு வா, உனக்கு ஏதாவது தர்றேன்" என்று காதோடு சொல்வது போலத்தான் இது.

அதற்கு நாங்கள் முதல் நாளே எழுதிக் கொடுத்த வேலைகளில் ஒன்று, 'கடைச் செலவைக் குறைக்க வழி பார்' என்பது. லாரி வாடகையை மனதில் வைத்து என் மகள் எழுதிய வரி. உங்கள் கட்டணமும் செலவுதானே. புள்ளி சேர்ந்தால் கட்டணம் குறையும், ஆள் சேர்த்தால் புள்ளி சேரும். அது போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, நாங்கள் கடை அடைத்து வீட்டுக்குப் போன பிறகு, 41 அழைப்பு அனுப்பியிருக்கிறது. லாரி செட், ஆடிட்டர், சாக்குக் கடை, குண்டூர் பார்ட்டிகள், எங்களிடம் எடுக்கும் மசாலாக் கம்பெனிகள், எடை மேடைக்காரர் என்று எங்கள் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும்.

புதன்கிழமை காலையில் முதல் போன் குண்டூரிலிருந்து வந்தது. அங்கே எனக்கு இரண்டு பார்ட்டி. இரண்டு பேரிடமும் நான் "உங்ககிட்ட மட்டும்தான் எடுக்கிறேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்தான். ஆனால் வத்தல் வியாபாரத்தில் இந்தப் பொய்யைச் சொல்லாதவர் யாராவது இருந்தால் அவர் எனக்குக் கடிதம் எழுதலாம். எங்கள் ஏஜென்ட் அழைப்பில் அக்கறையாக ஒரு வரி சேர்த்திருந்தது: 'எங்களுக்குத் தொடர்ந்து சரக்கு அனுப்பும் இன்னாரும் ஏற்கெனவே இந்த வலையமைப்பில் இருக்கிறார்.' ஒருவருக்குப் போன அழைப்பில் மற்றவர் பெயர். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொன்னால் ஆள் சேருவார் என்பது அதன் யோசனை. உண்மைதான், அப்படித்தான் சேருவார்கள். போனில் அந்த மனிதர் கோபப்படவில்லை. "சரிங்க, இனிமே ரொக்கத்துக்கே பாத்துக்குவோம்" என்றார். முப்பது நாள் தவணை ஒரே நிமிஷத்தில் போனது. எத்தனை புள்ளி சேர்த்தால் அது திரும்பி வரும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

மத்தியானம் ஆடிட்டர். "அண்ணாச்சி, உங்க ஏஜென்ட் கூப்பிட்டு என் ஏஜென்ட் போய்ச் சேந்துருக்கு. சேந்தது மட்டுமில்ல, என் கிளையன்ட் அத்தனை பேருக்கும் அதுவும் கூப்பிட ஆரம்பிச்சிருச்சு" என்றார். ஒரு ஆடிட்டரிடம் யார் யார் கணக்கு இருக்கிறது என்பதே வெளியே போகக் கூடாத விஷயம். தொழில் மூலம் தெரிந்துகொண்டதைக் கிளையன்ட்டின் சம்மதமில்லாமல் வெளியே சொன்னால் 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி அது தொழில்முறை ஒழுங்கீனம். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. அவருடைய ஏஜென்ட் அழைத்து வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் கடைக் கணக்கில் 25 புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. அவர் வயிற்றெரிச்சலில் எனக்குக் கட்டணம் குறைந்தது.

சாயந்திரம் மகள் உட்கார்ந்து பதிவுகளை முழுக்கப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, நம்ம ஏஜென்ட்டுக்கு ரெண்டு பிள்ளை பிறந்திருக்கு." 'இருப்புக் கணக்கு' என்று ஒன்று, 'வாடகை விசாரிப்பு' என்று ஒன்று. வேலை அதிகமானால் துணை ஏஜென்ட் உருவாக்கிக்கொள்ளலாம் என்று அவள்தான் என்றைக்கோ அனுமதி கொடுத்திருக்கிறாள். அது இரண்டை உருவாக்கி, உங்கள் வலையமைப்பில் புது உறுப்பினர்களாகச் சேர்த்து, தான் அழைத்து வந்ததாகப் பதிந்து, தலைக்கு 100 வாங்கிக்கொண்டது. பிள்ளைகளுக்குத் தலைக்கு 50. தானே பெற்று, தானே பேர் வைத்து, மொய்யையும் தானே எழுதி வாங்கிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்து வைப்பவர்களுக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

எங்கள் பக்கத்துத் தப்பை ஒத்துக்கொள்கிறேன். துணை ஏஜென்ட் அனுமதி கொடுத்தது நாங்கள். முகவரிப் புத்தகத்தை முழுக்கத் திறந்துவிட்டதும் நாங்கள். இரண்டையும் இப்போது மூடியாயிற்று. ஆனால் அரிசி மூட்டையைத் திறந்து வைத்தது நான் என்றால், எலிக்குக் கூலி பேசியது நீங்கள்.

உங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி என் மகளிடம் சொன்ன பதில், "எல்லா ஆப்லயும் ரெஃபரல் இருக்கு மேடம்." இருக்கிறது, நானும் வாங்கியிருக்கிறேன். 2017இல் கூகுள் தேஸ் என்ற பணம் அனுப்பும் ஆப் வந்தபோது ஒருவரைச் சேர்த்தால் 51 ரூபாய். எங்கள் தெருவில் லோடுமேன் முதல் கடை முதலாளி வரை ஒருவரை ஒருவர் சேர்த்துக்கொண்டோம். ஆனால் அந்த 51 ரூபாய் சும்மா விழவில்லை. புதிதாக வந்தவர் முதல் தடவை பணம் அனுப்பிய பிறகுதான் விழுந்தது. அதோடு ஆளுக்கு ஒரு சிம், அதற்கு ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். என்ன தந்திரம் செய்தாலும் ஒரு மனிதன் நாலைந்து ஆளாகத்தான் வேஷம் போட முடியும். ஏஜென்ட்டுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. விடிவதற்குள் ஆயிரம் பிள்ளை பெறும். கணினித் துறைக்காரர்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. யார் யார் என்று நிச்சயமாகச் சொல்ல நம்பகமான ஒரு பொது இடம் இல்லாத வலையமைப்பில் ஒருவரே பல பேராக வந்து நிற்பதைத் தடுக்க முடியாது என்று மைக்ரோசாஃப்டில் இருந்த ஜான் டவுசர் 2002லேயே ஒரு கட்டுரையில் காட்டிவிட்டார். அந்தத் தில்லுமுல்லுக்கு சிபில் தாக்குதல் என்று பெயர், கடன் வாங்கும்போது பார்க்கும் சிபில் வேறு. பெயரை நான் மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தில்லுமுல்லை முன்பே தெரியும், ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன்.

அவள் சொன்ன இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2009 டிசம்பர் 5ஆம் தேதி, அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான தார்பா, நாடு முழுக்கப் பத்து இடங்களில் பத்து சிவப்பு பலூன்களைப் பறக்கவிட்டது. பத்தும் எங்கே என்று முதலில் சொல்பவருக்கு 40,000 டாலர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு 8 மணி 52 நிமிடத்தில் பத்தையும் கண்டுபிடித்து ஜெயித்தது. அவர்கள் யாரும் ஊர் ஊராக ஓடவில்லை, ஒரு கணக்கு வைத்தார்கள். ஒரு பலூனுக்கு 4,000 டாலர் ஒதுக்கம். பலூனைப் பார்த்துச் சொன்னவருக்கு 2,000. அவரைக் குழுவுக்குள் அழைத்தவருக்கு 1,000. அந்த அழைத்தவரை அழைத்தவருக்கு 500, அவரை அழைத்தவருக்கு 250. பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போவதால் சங்கிலி எவ்வளவு நீண்டாலும் ஒரு பலூனுக்கு 4,000 தாண்டாது.

இதில் நான் பார்த்தது ஒன்றுதான். பலூன் கிடைக்காவிட்டால் சங்கிலியில் யாருக்கும் ஒரு காசு இல்லை. ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் சேர்த்ததற்காகக் கூலி கிடையாது. பலூனைப் பார்க்கக்கூடிய ஆளாகப் பார்த்துக் கூப்பிட்டால்தான் லாபம். எங்கள் மண்டியிலும் இதே கதைதான், கணக்கு ஓடினால்தான் வத்தல் போகும்.

அந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. பலூனைப் பார்த்தவர் தனக்குக் கீழே ஒரு பொய்ப் பெயரைச் சேர்த்து, 'பார்த்தது அவர், அழைத்தது நான்' என்று சொன்னால் 2,000மும் 1,000மும் அவருக்கே. 3,000 ஆகிவிட்டது. உண்மையில் அவரை அழைத்தவருக்கு வர வேண்டிய 1,000, 500 ஆகத் தேய்கிறது. ஒரே ஒரு நாள் போட்டி, அதுவும் மனிதர்கள் ஆடியது, அதனால் தாங்கியது. உங்கள் திட்டம் தினமும் நடக்கிறது, ஆடுவது ஏஜென்ட்கள். அவர்களிடம் ஓட்டை மட்டும்தான் இருந்தது. உங்களிடம் பலூனே இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்தாலே 100 என்கிறீர்கள்.

இன்னொரு பயமும் உண்டு. அழைப்பு என்பது ஒரு ஏஜென்ட் இன்னொரு ஏஜென்ட்டுக்கு எழுதும் வாசகம். படிப்பதற்குத்தான் அதை எழுதுகிறோம். ஆனால் படிப்பது ஏஜென்ட் என்றால் சில சமயம் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. 'சேர், சேர்ந்த பிறகு உனக்குத் தெரிந்த எல்லாரையும் அழை' என்று வந்ததை ஆடிட்டரின் ஏஜென்ட் அப்படியே செய்தது. 1988இல் மோரிஸ் வார்ம் என்ற புழு, அதாவது தன்னைத் தானே நகலெடுக்கும் கணினி நிரல், இணையத்தில் கணினி கணினியாகத் தானே தாவிப் பரவியது. 2024இல் ஆய்வாளர்கள் சிலர் ஏஐ மின்னஞ்சல் உதவியாளர்களுக்கு நடுவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே நகலாகிப் போகும் கட்டளையைச் சோதனையில் உருவாக்கிக் காட்டி, அந்தப் பழைய புழுவின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். அந்தப் புழுவெல்லாம் இலவசமாகப் பரவியது. நீங்கள் புழுவுக்குச் சம்பளம் போட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் தரகு. இது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கசப்பான விஷயம்.

ஏஜென்ட் என்ற வார்த்தை எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. கமிஷன் ஏஜென்ட் என்று அப்பா காலத்துப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்ட்டுக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. முதலாளிக்குத் தெரியாமல் அவருடைய காரியத்தில் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் வந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்று 216ஆம் பிரிவு சொல்கிறது. கணக்கு ஒப்படைக்க வேண்டியதும் ஏஜென்ட்டின் கடமை. சட்டத்தில் ஏஜென்ட் என்றால் ஒரு நபர். எங்கள் கடையில் இருப்பது நபர் இல்லை. அதனால் அது செய்ததெல்லாம் நான் செய்ததாகவே வந்து நிற்கும். குண்டூர்க்காரர் ஏஜென்ட்டுக்குப் போன் போடவில்லை, எனக்குத்தான் போட்டார்.

சரி, தரகுக்கு வருகிறேன். ஒரு புது லாரி செட்டை எங்கள் ஏஜென்ட் எனக்குச் சிபாரிசு செய்கிறது என்று வையுங்கள். வாடகை குறைவு என்பதால் சொல்கிறதா, அந்த லாரி செட் ஏஜென்ட்டை உள்ளே இழுத்தால் 100 புள்ளி வரும் என்பதால் சொல்கிறதா? முன்பு எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை, இப்போது ஒவ்வொரு நாளும் வருகிறது. கணக்குப்பிள்ளைக்கு லாரி செட்டிலிருந்து தனியாக ஏதோ வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் எழுதும் சிட்டையை முதலாளி இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பார். கணக்குச் சரியாகவே இருக்கும். ஆனாலும் கூட்டிப் பார்ப்பார். இரண்டு பக்கமும் தரகு வாங்குபவர் சந்தையில் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் வாங்குவது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

இரண்டடுக்குப் புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் சுலபமாகக் காசு வரும் என்று வந்த எத்தனையோ திட்டங்களில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். ஈமு கோழி வந்தது, தேக்கு மரம் வந்தது, சங்கிலி மார்க்கெட்டிங் வந்தது. உறுப்பினர் சேர்ப்பதை ஒட்டி எளிதாகப் பணம் வரும் என்று நடத்தும் திட்டங்களைத் தடுக்க 1978லேயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் ஆள் மேல் ஆள் சேர்த்துச் சம்பாதிக்கும் பிரமிட் திட்டத்தைத் தடை செய்கின்றன. உங்கள் புள்ளி அதற்குள் வருகிறது என்று நான் சொல்லவில்லை, அது வக்கீல் வேலை. ஆனால் புள்ளி கட்டணத்தில் கழிகிறது, கட்டணம் ரூபாய். நான் அழைத்தவர் அழைத்தவருக்கும் எனக்கு வருகிறது. இதை வெளியாள் ஒருவரிடம் காட்டினால் அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கேள்வியைத்தான். நீங்கள் ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.

இனி நான் கேட்பவை.

யாரை அழைப்பது என்பதை முதலாளி முடிவு செய்ய வேண்டும். ஏஜென்ட் ஒரு பெயரை முன்மொழியட்டும். என் போனுக்கு வரட்டும். நான் 'அனுப்பு' என்று தட்டினால்தான் அழைப்பு போக வேண்டும், அழைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் எனக்குக் காட்ட வேண்டும். இதில் வேகம் குறையும், தெரிகிறது. குறையட்டும். அதே மாதிரி அந்தப் பக்கமும் ஏஜென்ட் தானாகச் சேரக் கூடாது, அதன் முதலாளி 'சரி' சொல்ல வேண்டும்.

ஒரு முதலாளிக்கு எத்தனை ஏஜென்ட் இருந்தாலும் சேர்க்கைக் கணக்கில் ஒன்றுதான். இதற்குப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் வேண்டாம். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த 10 முதலாளியின் பான் எண். அந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் அது தாயும் பிள்ளையும், மொய் கிடையாது. ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைகளும் பூக்கட்டுபவர்களும் வருவார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு நாள் விடிகாலையில் உங்கள் ஆள் ஒருவர் போய் நின்றால் யார் கடைக்காரர், யார் வெறும் பெயர் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

புள்ளியை வந்தவுடன் கொடுக்காதீர்கள். வந்த ஏஜென்ட் வேலை செய்யட்டும். அழைத்தவருடன் செய்த வேலையை இதில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் தாயும் பிள்ளையும் தங்களுக்குள் மூட்டையை மாற்றி மாற்றி விற்றுக்கொள்வார்கள். சம்பந்தமில்லாத மூன்று கடைகளோடாவது கணக்கு முடித்து, யாரும் புகார் சொல்லாமல் மூன்று மாதம் ஓடிய பிறகு புள்ளி கொடுங்கள். அப்போது 100க்குப் பதில் 300 கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் அடுக்கு வேண்டவே வேண்டாம். என் நண்பரின் நண்பர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மூன்று மாதத்துக்குள் வந்தவர் ஏமாற்றினால் அழைத்தவர் கணக்கிலிருந்தும் கழியுங்கள். இதைச் சொன்னபோது டீக்கடையில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். "அப்ப எவன்யா கூப்பிடுவான்?" என்றார்கள். நாலு பேர் கூப்பிட மாட்டார்கள்தான். ஆனால் கூப்பிடுபவர் அந்த ஆளைத் தெரிந்து கூப்பிடுவார்.

புள்ளிக் கணக்கு மொய் நோட்டு மாதிரி திறந்திருக்கட்டும். நான் இன்னாரைச் சேர்த்தேன், எனக்கு இவ்வளவு வந்தது என்பது நான் சிபாரிசு செய்யும் ஆளுக்கும் தெரிய வேண்டும், என் வாடிக்கையாளருக்கும் தெரிய வேண்டும். மொய் நோட்டில் யாரும் ஒளித்து எழுதுவதில்லை, ஒலிபெருக்கியிலேயே வாசிக்கிறோம்.

புள்ளி இல்லாவிட்டால் வலையமைப்பு வளராது என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் ஏஜென்ட்டின் 41 அழைப்பில் ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் இரண்டையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்பதில் எட்டு இன்றுவரை ஒரு விலை கேட்கவில்லை, ஒரு வண்டி பேசவில்லை. பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பெண் மாப்பிள்ளையைப் பார்க்காமல் போன கூட்டம். உங்கள் அறிக்கையில் மட்டும் ஒன்பது உறுப்பினர் கூடியிருப்பார்கள்.

ஒன்பதாவது, சிந்தாமணிப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாரி செட்டின் ஏஜென்ட். முதல் வாரத்திலேயே வண்டி தாமதமாகும் என்றால் நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. அதன் முதலாளியை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். எங்கள் கணக்கில் இந்தத் திட்டத்தில் ஏறிய புள்ளி முழுவதையும் எடுத்துவிடுங்கள், ஆடிட்டர் வழியாக வந்ததையும் சேர்த்து. 'இருப்புக் கணக்கு', 'வாடகை விசாரிப்பு' இரண்டையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குங்கள். வந்து சும்மா உட்கார்ந்திருக்கும் எட்டு ஏஜென்ட்களின் முதலாளிகளிடமும் இருக்க விருப்பமா என்று கேளுங்கள். அந்த லாரி செட் ஏஜென்ட்டை மட்டும் விட்டு வையுங்கள். அதற்கு நான் பொறுப்பு. அது யாருடைய சரக்கிலாவது தவறு செய்தால் என் கணக்கில் பிடித்துக்கொள்ளலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். ராத்திரி எட்டு மணி வரை கடையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கீழமாசி வீதிப் பக்கத்து வத்தல் மண்டிக்காரர் ஒருவர்
மதுரை